மாப்பிள்ளைக் காரும் ஆசுபத்திரிக் காரும்

முள்ளியவளைக்குப் போய் மகனின் கலியாணத்தை ஒப்பேற்றிவிட்டுத் திரும்பிய பிறகு, என்னைக் கண்டவர்கள் எவரும் மருமகள் எப்படி என்று முதலில் கேட்கவில்லை. இரண்டு காரிலும் எது திறம் என்றுதான் கேட்டார்கள். வாய்க்காலில் உடுப்புத் தோய்க்கும்போதும் கேட்டார்கள், சங்கக்கடை வரிசையிலும் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போனது. ஆகவே ஒருமுறை ஆறுதலாக எழுதிவைக்கிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அந்தப் பயணமும் மெதுவாகத்தான் போனது.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே எங்கள் குடியேற்றப் பக்கத்தில் அப்போது வாடகைக்குப் பிடிக்கக்கூடிய கார் இரண்டே இரண்டு. இரண்டும் கிழடு. யாழ்ப்பாணத்தில் பல கை மாறி, இனி அங்கே ஓட இடமில்லை என்றான பிறகு வன்னிக்கு வந்தவை. நாங்களும் தீவுப்பகுதியில் கமம் செய்யக் காணி இல்லை என்றான பிறகு வந்தவர்கள்தானே, அதனால் அவற்றை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஒன்று நடராசாவின் பச்சைக் கார். அதை எல்லோரும் மாப்பிள்ளைக் கார் என்பார்கள். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிள்ளைக்கு முதற்சோறு தீத்தக் கோயிலுக்குப் போவது, இவற்றுக்குத்தான் அது வெளிக்கிடும். மழைக்கு வெளிக்கிடாது. கிடுகுக் கொட்டிலுக்குள் வெள்ளைத் துப்பட்டியால் போர்த்து நிற்கும். ஒவ்வொரு நாளும் துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மினுக்கி, வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணியும் காட்டுவார் நடராசா. யன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை. உள்ளே இருந்தால் மெத்தையில் இருப்பது போலிருக்கும். இயந்திரத்தை மூடிய பொனற்றை மட்டும் அவர் திறப்பதில்லை. கை அழுக்காகிவிடுமாம்.

மற்றது மீரான் காக்காவின் கார். முஸ்லிம் ஆக்களில் மூத்தவரைக் காக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். ஒருகாலத்தில் கறுப்பாக இருந்ததாம், நான் கண்டகாலத்தில் சாம்பல் நிறம். காக்காவுக்கு வீடு தண்ணீரூற்றில், தொழில் எங்கள் பக்கத்தில். வருத்தக்காரரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவது அந்தக் கார்தான். பிழைக்காதவரைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவருவதும் அதுதான். போகும்போது ஆசுபத்திரிக் கார், வரும்போது அதற்கு வேறு பெயர், அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் மனிசன் வவுனியா ஆசுபத்திரிக்குப் போனதும் அதில்தான். திரும்பி வந்ததும் அதில்தான். பின்சீற்றில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் வந்தேன்.

அந்தக் காருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஹோனை அழுத்தினால் சத்தம் வராது. வலப்பக்கம் திருப்பினால் மட்டும் தானாகவே அலறும். உள்ளே எங்கேயோ கம்பி முட்டுகிறது, அதைத் தேடிக் களைத்துவிட்டேன் என்பார் காக்கா. அந்த அலறலைத் தெரியாத ஆள் எங்கள் பக்கத்திலும் இல்லை, முல்லைத்தீவுப் பக்கத்திலும் இல்லை. கேட்டவுடன் பெண்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு படலைக்கு ஓடிவந்துவிடுவார்கள், இன்றைக்கு ஆருடைய வீடு என்று பார்க்க.

என் கடைசி மகன் பரமுவுக்கு இரண்டு சம்பந்தம் பேசிக் குழம்பிப்போயிருந்தது. முள்ளியவளைச் சம்பந்தம் மூன்றாவது. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம், மத்தியானத்துக்கு முன்னம். அது தப்பினால் ஆடி பிறந்துவிடும், ஆவணி வரைக்கும் எவரும் தாலி கட்டமாட்டார்கள். பெண்ணின் தகப்பன் அவ்வளவுக்குப் பொறுக்கிற ஆள் இல்லை. அவருடைய சொந்தத்திலேயே ஒரு பையன் காத்துக்கொண்டிருந்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

முதல்நாள் உறவுச்சனம் எல்லாம் ஒரு லொறியில் போய்விட்டது. வீட்டில் நின்றது நானும் பரமுவும், என் மகள் பூமணியும், என் தமையனும். தமையன்தான் பரமுவுக்குத் தாய்மாமன். சம்பிரதாயம் என்றால் அவர் ஒரு முடிச்சைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டார்.

"பச்சைக் காரிலை மாப்பிள்ளையும் பூமணியும் நானும். கூறைப்பெட்டி பூமணியின்ரை மடியிலை" என்றார். பிறகு கொஞ்சம் இருமினார். "தங்கச்சி, நீ பின்னாலை மீரான்ரை காரிலை வா. பானை சட்டி, பலகாரப் பெட்டி எல்லாம் அதிலை ஏத்துவம். வெள்ளைச் சீலையோடை மாப்பிள்ளைக்குப் பக்கத்திலை நீ..."

"விளங்குது அண்ணை" என்றேன்.

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் பின்னால்தான் ஏறியிருப்பேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னார். வீட்டுப் படலையில் காரில் ஏறிய மாப்பிள்ளை, பெண்வீட்டுப் பந்தலில்தான் காலைத் தரையில் வைக்கவேண்டும். இடையில் இறங்கினால் எடுத்த காரியம் இடையில் நிற்குமாம். இந்தச் சட்டத்தை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பரமு என்னைப் பார்த்தான். நான் கொழுக்கட்டை மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

விடியப்புறம் இரண்டு காரும் வந்தன. நடராசா ஒரு பொத்தானைத் தொட, பச்சைக் கார் பூனைபோல உறுமிக்கொண்டு நின்றது. காக்கா பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டு மணம் பிடித்துப் பார்த்தார். ஒரு கம்பியை இழுத்துச் சாரத்தின் தலைப்பில் துடைத்து, எண்ணெயை நகத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு தகரப் பேணியில் இருந்த தண்ணீரைத் துணியால் வடித்து ரேடியேட்டருக்குள் விட்டார்.

"உது என்ன காக்கா, பிள்ளைக்குக் கஞ்சி வடிக்கிறமாதிரி?" என்று சிரித்தார் நடராசா.

"உங்கடை கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு, நடராசா. உள்ளுக்குப் படிஞ்சா அடைச்சுப்போடும். இது ஊரிலை இருந்து கொண்டுவந்தது. நீ என்ன விட்டனீ?"

"முந்தி ஆரோ விட்டது கிடக்கும்."

காக்கா வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஹான்டிலைப் போட்டுச் சுழற்றினார். சாம்பல் கார் இருமி, குலுங்கி, தட்டுமுட்டுச் சாமான் முழுவதையும் ஆட்டிக்கொண்டு உயிர்த்தது. என் பக்கத்துக் கதவு சாத்துப்படாது, அதைக் கயிற்றால் கட்டிவிட்டார். காலடியில் ஒரு ஓட்டை. அதனூடாக றோட்டு ஓடுவது தெரியும்.

முதற் பாதி வழியில் பச்சைக் காரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல றோட்டில் அது எங்களை விட்டுவிட்டுப் பறந்தது. நாங்கள் அதன் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் போனோம். ஆனி வெயிலுக்குப் பாலையும் வீரையும் நின்ற காடுகூடச் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. எங்கள் தீவில் வெயில் என்றால் கடற்காற்று வந்து துடைத்துவிடும். வன்னியில் வெயில் வந்தால் வந்த இடத்திலேயே குந்திவிடும். பானைகள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் சீலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு இருந்தேன். காக்கா ஒரு முழங்காலைக் கியர்த் தடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். எடுத்தால் கியர் கழன்றுவிடுமாம்.

"அம்மாவுக்கு முதுகு நோகுதோ?"

"நோகுது. நீங்கள் ஓடுங்கோ."

"நானும் இவளும் இருவது வருசமா உப்பிடித்தான். எனக்கு முழங்கால் போச்சு, இவளுக்குக் கியர் போச்சு. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆள்."

விசுவமடு தாண்டியதும் றோட்டோரத்தில் பச்சைக் காரைக் கண்டோம். முன்பக்கத்தால் புட்டுப்பானைபோல ஆவி பறந்தது. நடராசா வெள்ளை வேட்டியோடு எட்டி நின்று, தன் சால்வையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். விசிறி பெல்ற் உக்கி, நார் நாராகி அறுந்திருந்தது. எத்தனை வருடம் திறந்து பார்க்காமல் விட்டதோ தெரியாது. காக்கா வருவதற்குள் நடராசா அவசரப்பட்டு, வாய்க்காலில் அள்ளிய பச்சைத்தண்ணீரைக் கொதிக்கிற இயந்திரத்துக்குள் ஊற்றியும்விட்டார். உள்ளே ஏதோ வெடித்த சத்தம் கேட்டதாம்.

காக்கா ஹான்டிலைப் போட்டுப் பார்த்தார். அசையவில்லை.

"இது இனி இண்டைக்கு எழும்பாது" என்றார்.

உள்ளே பரமு தலைப்பாகையோடு வியர்த்து வழிந்தபடி இருந்தான். தரையில் கால் வைக்கக்கூடாதே. பூமணி பனையோலை விசிறியால் தம்பிக்கு வீசிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு இட்ட மை கன்னத்தில் இறங்க, கழுத்தில் மாலையோடு இருந்தான்.

"அப்ப எல்லாரும் என்ரை காரிலை ஏறுங்கோ. பானையளை இறக்கிவைப்பம்" என்றார் காக்கா.

தமையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளையை? உதிலையோ?"

"ஏன் முதலாளி, உதுக்கும் நாலு சில்லுத்தானே."

"விசர்க்கதை கதையாதையும் காணும். சவம் ஏத்தின காரிலை மாப்பிள்ளை போய் இறங்கினால் பெண்வீட்டுக்காரர் என்ன சொல்லுவினம்? பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் எங்களைத்தான் சொல்லுவினம்."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அப்படித்தான் சொல்வார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காலைப் பஸ் எப்போதோ போய்விட்டது. பிறகு தமையன் ஒரு வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளை பச்சைக் காரிலேயே இருக்கட்டும், அதைக் கயிற்றால் கட்டி மற்றக் கார் இழுக்கட்டும். மாப்பிள்ளை போய் இறங்குவது மாப்பிள்ளைக் காரில்தான் என்று ஆகிவிடும்.

காக்கா தன் காரின் பின்பெட்டியில் இருந்து மொத்தமான வடக்கயிறு ஒன்றை எடுத்தார்.

"இது என்னத்துக்குப் பாவிக்கிற கயிறு?" என்று கேட்டார் தமையன்.

"கேளாதீங்கோ முதலாளி."

தமையன் கயிற்றில் இருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்றார்.

அப்படியே வெளிக்கிட்டோம். முன்னுக்கு ஆசுபத்திரிக் கார், அதற்குள் வெள்ளைச் சீலையோடு நான். பின்னுக்குப் பூச்சரமும் திரைச்சீலையுமாகப் பச்சைக் கார். நடராசா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதன் ஸ்ரியரிங் வளையத்தைப் பிடித்திருந்தார். சாம்பல் கார் முக்கியது, முனகியது, ஆனால் இழுத்தது. ஏற்றத்தில் காக்கா அதனோடு பேசுவார். "போடி என்ரை கண்ணே, இன்னும் கொஞ்சம்" என்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முதுகு விடவில்லை.

எதிரே கொக்கிளாயில் இருந்து மீன் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்தது. றோட்டு ஒடுக்கம் என்பதால் அது ஒதுங்கி நின்றது. சாரதி சிங்களவர். வெளியே தலையை நீட்டி எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"கண்டுக்குட்டி மாதிரிக் கட்டி இழுத்துக்கொண்டு போறியளே, மாப்பிள்ளைக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லையோ எண்டு கேக்கிறான்" என்றார் காக்கா. அவர் திருப்பிச் சொன்ன மறுமொழிக்கு லொறிக்காரர் இன்னும் பலமாகச் சிரித்தார். அதை எனக்கு மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

புதுக்குடியிருப்பில் காருக்குத் தண்ணீர் காட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். நான் கொண்டுவந்த புட்டைக் காக்காவுக்கும் நடராசாவுக்கும் கொடுத்து, நானும் இரண்டு வாய் தின்றேன். பனங்கட்டியோடு வெறும் தேத்தண்ணி குடித்த பிறகுதான் கண் திறந்தது. கடைக்காரர் காக்காவின் காரைக் கண்டதும் சால்வையைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஆர் காக்கா செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. மாப்பிள்ளையோடை போறம்."

"எங்கை மாப்பிள்ளை?"

"பின்னாலை. கட்டி இழுத்துக்கொண்டு வாறன்."

கடைக்காரர் கயிற்றின் வழியே நடந்துபோய்ப் பச்சைக் காரின் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். உள்ளே இருந்து தமையன் முறைத்த முறையில் திரைச்சீலையை மெதுவாகப் பழையபடி விட்டுவிட்டு வந்து, எங்களிடம் தேத்தண்ணிக் காசு வேண்டாம் என்றுவிட்டார். செத்தவீட்டுக்காரரிடம் காசு வாங்குவதில்லை என்பது அவருடைய பழக்கமாம். இது செத்தவீடு இல்லை என்று நான் சொன்னேன். அவருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

கயிறு இரண்டுதரம் அறுந்தது. ஒவ்வொருமுறையும் முடிந்து முடிந்து அது கட்டையாகிக்கொண்டே போனது. கடைசியில் பச்சைக் கார் எங்கள் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தது. நான் திரும்பினால் கண்ணாடிக்குள்ளால் பரமுவின் முகம் தெரியும். இப்போது அவன் வியர்வையைத் துடைப்பதையும் விட்டுவிட்டான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முள்ளியவளைக்குக் கொஞ்சம் இங்கால், பாலம் உடைந்து கிடந்த ஓரிடத்தில் ஆற்றுக்குள் இறங்கி ஏறவேண்டும். ஆனியில் ஆற்றில் தண்ணீர் இல்லை, முழங்காலளவு மணல்தான். காக்கா காரை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் மணலைக் காலால் உழக்கிப் பார்த்தார்.

"பாரம் கூட. பானையளையும் பெட்டியளையும் இறக்கவேணும். ஆக்களும் இறங்கவேணும். மாப்பிள்ளையும் வளையம் பிடிக்கிற ஆளும் மட்டும் இருக்கலாம்."

எல்லாவற்றையும் ஒரு மருதமரத்துக்குக் கீழே இறக்கினோம். தமையன் மடியில் இருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, பேந்து திரும்ப ஏத்திக்கொண்டிருக்க நேரமில்லை. நீ சாமானோடை இதிலை இரு. தாலி கட்டினவுடனை ஆளை அனுப்புறன்."

எனக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. புழுதியில் தொண்டை அடைத்துப்போயிருந்தது. அந்த மரத்தின் கீழே நல்ல நிழல் இருந்தது. நான் பெற்ற பிள்ளை தாலி கட்டுவதை நான் பார்க்கமாட்டேன் என்பது மட்டும்தான் விசயம்.

"ஓம்" என்றேன். கெஞ்சிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

பானைகளுக்கு நடுவே இருந்தேன். சாம்பல் கார் ஆற்றுக்குள் இறங்கியது. பூமணியும் தமையனும் பச்சைக் காரைப் பின்னால் இருந்து தள்ளினார்கள். பட்டுவேட்டியும் உத்தரியமுமாகத் தமையன் மணலில் முழங்காலில் விழுந்து எழும்பித் தள்ளியதை நான் பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். மருமகன் மீது அவருக்கு அவ்வளவு பற்று. நடு ஆற்றில் கயிறு மறுபடியும் அறுந்தது. சாம்பல் கார் பாரம் விட்டதும் துள்ளிக்கொண்டு அக்கரையில் ஏறிவிட்டது. பச்சைக் கார் சில்லு மறைய மணலுக்குள் இருந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. பந்தலில் தொடங்கிவிட்டார்கள்.

பச்சைக் காரின் கதவு திறந்தது. பரமு முதலில் ஒரு காலை வெளியே நீட்டினான். பிறகு தரையில் வைத்தான்.

"டேய் பரமு! காலை எடு! காலை எடடா உள்ளுக்கு!" என்று தமையன் கத்தினார்.

அவன் மற்றக் காலையும் வைத்தான். சாம்பல் கார் நின்ற பக்கம் போகவில்லை. மணலுக்குள்ளால் என் பக்கம் திரும்பி வந்தான். தலைப்பாகை ஒருபக்கம் சரிந்திருந்தது.

"எழும்பணை அம்மா" என்றான்.

"சாமானை என்னடா செய்யிறது?"

"கிடக்கட்டும். பானையை ஆர் எடுக்கப்போறான்? எழும்பு. நேரமாகுது."

என் கையைப் பிடித்து எழுப்பி, ஆற்றைக் கடந்து கூட்டிக்கொண்டு போனான். காக்கா கதவில் கட்டிய கயிற்றைத் தறித்தே விட்டார், முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. தமையன் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பரமு, சொல்லுறதைக் கேள். இது சவம் ஏத்தின கார்."

"ஓம் மாமா. ஐயா வந்த கார். அதிலை ஏற எனக்கு என்ன குறை?"

தமையன் கதவில் கையை வைத்தார். அன்றைக்கு எங்கள் படலையில் அந்தக் கார் வந்து நின்றபோது கதவைத் திறந்து, என் மடியில் இருந்த தலையைத் தன் கையில் ஏந்தியவர் அவர்தான். இன்றைக்கும் அதே கதவு. பிறகு ஒதுங்கி, முன்சீற்றில் ஏறி இருந்தார். உத்தரியத்தில் ஒட்டிய மணலை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார்.

பின்சீற்றில் ஒரு பக்கம் பூமணி கூறைப்பெட்டியோடு, நடுவில் பரமு, மற்றப் பக்கம் சாத்தாத கதவைக் கையால் இழுத்துப் பிடித்தபடி நான். திரும்பிப் பார்த்தேன். நடராசா ஆற்று நடுவில் நின்று, சால்வைத் தலைப்பால் பச்சைக் காரின் முகத்தில் ஒட்டிய புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெண்வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குக் கிட்ட வந்ததும் காக்கா காரை மெதுவாக்கினார்.

"அம்மா, ஒழுங்கை வலப்பக்கம்."

எல்லோருக்கும் விளங்கியது. வாழைமரம் கட்டிய வாசல் தெரிந்தது. மேளம் கேட்டது. தமையன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோயிலைச் சுத்தி வந்தால் இடப்பக்கத்தாலை இறங்கலாம்" என்றார் காக்கா. "சத்தம் வராது. ஆனால் நேரம் காணாது."

பரமு என்னைப் பார்த்தான். வவுனியாவில் இருந்து வந்த அன்றைக்கு அந்தக் காரில் அவ்வளவு தூரமும் அழாமல் இருந்தவள் நான்தான் என்பதாலோ என்னவோ, காக்காவும் கண்ணாடிக்குள்ளால் என்னைத்தான் பார்த்தார்.

"திருப்புங்கோ காக்கா" என்றேன்.

கார் அலறிக்கொண்டு திரும்பியது. மேளம் பட்டென்று நின்றது. நாயனம் இன்னும் இரண்டு சுரம் ஊதிவிட்டு அதுவும் நின்றது. ஒழுங்கையின் இருபக்கமும் படலை திறந்து, பெண்கள் தலையில் கையை வைத்தபடி வந்தார்கள். பந்தலுக்குள் இருந்து பெண்ணின் தகப்பன் ஓடிவந்தார், முகத்தில் இரத்தம் இல்லை.

"ஐயோ, ஆருக்கு என்ன?"

பரமு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தான். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மாமா. நான்தான்."

ஒரு பெண் தலையில் வைத்த கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே கும்பிட்டாள். எங்கேயோ ஒரு கிழவர் சிரிக்கத் தொடங்கினார். பெண்ணின் தகப்பன் காரைப் பார்த்தார், என் வெள்ளைச் சீலையைப் பார்த்தார், வானத்தில் சூரியன் நின்ற இடத்தைப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவை அந்த முகத்தில்தான் பார்க்கவேண்டியிருந்தது.

"உயிரோடை வந்தியளே, அது காணும்" என்றார். பிறகு திரும்பி, "என்ன எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அடியுங்கோ மேளத்தை!" என்று கத்தினார்.

தாலி கட்டும்போது நான் சமையல் நடந்த குசினி வாசலில் நின்றேன். எனக்குரிய இடம் அதுதான் என்று எவரும் சொல்ல முன்னமே போய் நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் பந்தல் நன்றாகத் தெரிந்தது. மருமகளுக்கு நல்ல நீளமான கழுத்து. அவன் மூன்று முடிச்சும் போட்டு முடிக்கும்வரை பார்த்துவிட்டு, அதே இடத்தில் ஒரு உரலின் மேல் இருந்தேன். அன்று பகல் முழுவதும் நான் அந்த உரலைவிட்டு எழும்பவில்லை.

வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்கினான். சாமான்களை வண்டிலில் ஏற்றிவர ஆள் போனது, ஒரு பானைகூடக் குறையவில்லை. மறுநாள் கழிய நான் காக்காவின் காரில் தனியே வீட்டுக்கு வெளிக்கிட்டேன். ஆற்றங்கரையில், மருதமரத்துக்குக் கீழே, பச்சைக் கார் வெள்ளைத் துப்பட்டி போர்த்து நின்றது. ஒருசோடி எருமை பூட்டி இழுத்து எடுத்தார்களாம். நடராசா பக்கத்தில் படுத்திருந்தவர் எழும்பி வந்தார்.

"அக்கா, கலியாணம் நல்லாய் நடந்ததோ?"

"நடந்தது. இந்தா, பலகாரம் தின்."

பயற்றம் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நல்ல கார் அக்கா இது" என்றார். "ஒரு பிழையும் இல்லாத கார்."

"வடிவான கார்தான்" என்றேன். பொய் இல்லை. அந்த மெத்தையில் ஒருநாள் இருந்து பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் போர்த்து வைத்தது போர்த்தபடியே உள்ளுக்குள் உக்கிவிட்டது. காக்காவின் கார் குலுக்கிக் குலுக்கி என் எலும்பையெல்லாம் கழற்றிவிட்டது, ஆனால் ஒவ்வொரு நாளும் ஓடியபடியால் ஓடியது. எது திறம் என்று கேட்பவர்களுக்கு என் மறுமொழி இவ்வளவுதான்.

விசுவமடுவில் ஒருவன் றோட்டுக்கு நடுவே வந்து கையை விரித்து நின்றான். வண்டிலில் அவனுடைய பெண்சாதி, நிறைமாதம், நோ தொடங்கிவிட்டது. காக்கா உடனே இறங்கிக் கதவைத் திறந்தார். அந்தப் பெண்பிள்ளை காரைக் கண்டதும் வண்டிலின் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

"நான் ஏறமாட்டன். உது செத்தவையைக் கொண்டுபோற கார். உதிலை போனா நானும் அப்பிடித்தான் வருவன்."

புருசன் கெஞ்சினான். காக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு இது முதல்தரம் இல்லை என்று தெரிந்தது. நான் அரக்கி அரக்கி இறங்கிப் போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தேன்.

"இஞ்ச வா பிள்ளை. வந்து சீற்றைப் பார். உதிலை கிடக்கிறது என்ன?"

பார்த்தாள். பரமுவின் மாலையில் இருந்து உதிர்ந்த பூ வாடிக் கிடந்தது. வெளிக்கிடும்போது வாழ்த்தித் தூவிய அறுகரிசி, தலைப்பாகையில் இருந்து கொட்டியது, சீற்றின் மடிப்பெல்லாம் கிடந்தது.

"என்ரை மகன் மாப்பிள்ளையாய்ப் போய் இறங்கின கார் இது. கலியாணவீட்டாலைதான் நான் வாறன்."

"மெய்யேணை?"

"மெய்தான். ஏறு."

ஏறினாள். பின்சீற்றில் படுத்து என் மடியில் தலையை வைத்தாள். எண்ணெயும் வியர்வையுமாக அவளுடைய தலை சுட்டது. காக்கா முழங்காலைக் கியர்த் தடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, அந்தக் கார் ஓடக்கூடிய வேகம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஓட்டினார். வாயிலே வெற்றிலை இல்லை.

ஆசுபத்திரி வாசல் வலப்பக்கம். கார் திரும்பும்போது அலறியது. பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பயப்படாதை" என்றேன். "கலியாணவீட்டு வாசலிலையும் இப்பிடித்தான் கத்தினது."